ஆப்பிரிக்க வம்சாவளிக் காட்சிக் கலைஞர்களை உலகளவில் இணைப்பது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

செனகலின் டக்காரில் ஓர் ஓவியர், பிரேசிலின் சல்வடோரில் ஓர் அச்சுக் கலைஞர், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒரு வீடியோ கலைஞர், லண்டனில் ஒரு சிற்பி. நால்வரின் முன்னோரும் ஆப்பிரிக்கர்கள். இவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் ஓர் இணையதளம் செய்கிறார்கள், ஒரு லோகோ வரைகிறார்கள், இருநூறு பெயர் கொண்ட பட்டியல் தயாரிக்கிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்த நால்வரும் இன்னும் சந்தித்திருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட பரிமாற்றங்களில் விசா, கணக்கு, பெட்டி கட்டுவது எல்லாவற்றையும் ஒருங்கிணைப்பாளராக இருந்து பார்த்திருக்கிறேன். வலையமைப்பு என்று நான் சொல்வது, நாலைந்து இடங்கள் தமக்குள் கொடுத்துக்கொள்ளும் ஒரு வாக்கை: "உன் ஊர்க் கலைஞர் வந்தால் என்னிடம் தங்கட்டும், அடுத்த வருடம் என் ஊர்க்காரர் உன்னிடம் வருவார்." அந்த வாக்கு உறுதியான பிறகுதான் மற்ற எல்லாம். கீழே உள்ள வரிசையும் அதனால்தான் இப்படி அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பதினெட்டு மாதம் தேவை. ஆறு மாதத்தில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் விசா விண்ணப்பம் போட்டதில்லை என்று அர்த்தம்.

பதிவு செய்த அமைப்பின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். நிதி தருகிற அறக்கட்டளைகள் தனி நபர் கணக்குக்குப் பெரும்பாலும் பணம் போடுவதில்லை, தூதரகமும் அழைப்புக் கடிதத்தில் அமைப்பின் பதிவு எண்ணைத் தேடும். சொந்தமாகப் பதிவு செய்ய நேரமில்லை என்றால், ஏற்கெனவே பதிவான ஒரு ஸ்டுடியோவின் கணக்கு வழியாக நடத்த எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் தவிர பிரெஞ்சும் போர்த்துகீசியமும் பேசுகிற ஆட்கள் குழுவில் இருக்க வேண்டும். டக்கார், அபிஜான், பமாக்கோ பிரெஞ்சில் இயங்குகின்றன. லுவாண்டா, மபூட்டோ, சல்வடோர் போர்த்துகீசியத்தில். ஆங்கிலத்தை மட்டும் வைத்துத் தொடங்கிய வலையமைப்பு கடைசியில் லண்டன், நைஜீரியாவின் லாகோஸ், நியூயார்க் மூன்றுக்குள் சுருங்கிவிடும்.

1. யாருக்கு, எதற்கு என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்கள்" என்பது பல கண்டங்களில் பரவிய ஒரு பெருங்கூட்டம். டக்காரில் பிறந்து வளர்ந்தவருக்கும், அடிமைக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களின் ஏழாம் தலைமுறையாகச் சல்வடோர் இருக்கும் பஹியா மாநிலத்தில் வாழ்பவருக்கும், பெற்றோர் லாகோஸிலிருந்து குடியேறியதால் லண்டனில் பிறந்தவருக்கும் தேவை ஒன்றே அல்ல. ஒருவருக்கு நல்ல காகிதமும் அச்சு இயந்திரமும் கிடைப்பதில்லை. இன்னொருவருக்கு எல்லாம் கிடைக்கிறது, வாடகை கட்ட முடியாததால் ஸ்டுடியோ இல்லை. மற்றொருவர் தன் பாஸ்போர்ட்டால் எங்கும் போக முடியாமல் இருக்கிறார்.

ஆகவே பத்துப் பேரிடம் தொலைபேசியில் பேசுங்கள். "வலையமைப்பு வேண்டுமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன வருடம் உங்கள் வேலை எங்கே தடைப்பட்டது?" என்று கேளுங்கள். பதில்களில் திரும்பத் திரும்ப வருவதுதான் உங்கள் வாக்கியம். "லாகோஸ், சல்வடோர், டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் அச்சுக் கலைஞர்கள் ஒருவர் பட்டறையில் ஒருவர் ஆறு வாரம் வேலை செய்ய வழி செய்வது" என்ற அளவுக்குக் குறுகலாக இருக்கட்டும். குறுகினால் ஆள் விட்டுப்போவார்களே என்ற பயம் வரும். விட்டுப்போவார்கள்தான். இரண்டாம் சுற்றில் அகலப்படுத்திக்கொள்ளலாம்.

2. ஊரைத் தேடாதீர்கள், வீட்டைத் தேடுங்கள்

புதியவர்கள் வரைபடத்தை விரித்து ஊர்ப் பெயர்களில் வட்டம் போடுகிறார்கள். கலைஞர் போய் இறங்கும்போது சாவி கொடுக்க ஓர் ஆள் வேண்டுமே. எனவே ஏற்கெனவே கலைஞர்களே நடத்துகிற இடங்களைத் தேடுங்கள்.

அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. டக்காரில் ரா மெட்டீரியல் கம்பெனி. கம்பாலாவில் 32 டிகிரீஸ் ஈஸ்ட். ஜோஹனஸ்பர்க்கில் 1991 முதல் இயங்கும் பேக் ஃபேக்டரி. கானாவின் தமாலேவில் இப்ராஹிம் மஹாமா தொடங்கிய சமகாலக் கலை மையம். லாகோஸில் யின்கா ஷோனிபாரேவின் ஜி.ஏ.எஸ். அறக்கட்டளை. கரீபியனில் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஆலிஸ் யார்ட், கிங்ஸ்டனின் என்எல்எஸ், பார்படோஸின் ஃபிரெஷ் மில்க். சல்வடோருக்கு எதிரே இட்டபரிக்கா தீவில் சகட்டார். ஒவ்வொன்றின் அளவும் குணமும் வேறு. சிலவற்றில் தங்க அறை உண்டு, சிலவற்றில் வேலை செய்ய மட்டும் இடம்.

நான்கு இடங்கள் போதும். அதில் குறைந்தது மூன்று இடங்கள் ஆப்பிரிக்கா, கரீபியன், லத்தீன் அமெரிக்காவில் இருக்கட்டும். இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. லண்டன் அல்லது பாரிஸ் நடுவில் உட்கார்ந்தால் எல்லாப் பயணமும் அங்கே போய் முடியும், லாகோஸும் சல்வடோரும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

நல்ல முன்மாதிரி டிரையாங்கிள் நெட்வொர்க். 1982-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பயிற்சிமுகாமாகத் தொடங்கியது. பாதி உள்ளூர்க் கலைஞர்கள், பாதி வெளியூர்க் கலைஞர்கள், இரண்டு வாரம் ஒரே இடத்தில் வேலை என்பதுதான் அதன் முறை. பேக் ஃபேக்டரியும் லண்டனின் கேஸ்வொர்க்ஸும் டெல்லியின் கோஜும் கொழும்பின் தீர்த்தாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. தலைமையகம் கட்டளையிடாமல் ஒவ்வோர் ஊரும் தன் முகாமைத் தானே நடத்தியதால்தான் இத்தனை வருடம் நீடித்திருக்கிறது. கரீபியனில் டில்டிங் ஆக்சிஸ் என்ற கூட்டமும் 2015-இல் ஃபிரெஷ் மில்க்கில் இப்படித்தான் தொடங்கியது: அந்தப் பகுதியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரே அறையில் கூடினார்கள்.

3. முடிவெடுப்பவர்கள் யார் என்பதை எழுதி வையுங்கள்

நான் ஆப்பிரிக்க வம்சாவளி இல்லை. ஆகவே இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. யாரைத் தேர்ந்தெடுப்பது, பணத்தை எதில் செலவிடுவது, எந்த அழைப்பை மறுப்பது ஆகிய மூன்றும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்களின் கையில் இருக்க வேண்டும். என்னைப் போன்றவர்கள் கணக்கு எழுதலாம், விசாப் படிவம் நிரப்பலாம். வாக்குரிமை வேண்டாம்.

ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒருவர், மேலும் எந்த இடத்தையும் சாராத ஒரு கலைஞர், ஐந்து பேர் போதும். அவர்களுடைய நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். "ஆலோசனைக் குழு" என்று பெயர் போட்டுச் சும்மா உட்கார வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. இரண்டாவது கூட்டத்திலேயே அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள், அதில் அவர்கள் மேல் பிழையில்லை.

4. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் கணக்குப் போடுங்கள்

தேர்வை அறிவித்துவிட்டுப் பணம் தேடுவது பெரிய துரோகம். கலைஞர் தன் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டார், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அப்புறம் நிதி வரவில்லை என்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு கலைஞருக்கான கணக்கில் இவை இருக்க வேண்டும்: விமானம், விசாக் கட்டணம், விசாவுக்காக வேறு ஊருக்குப் போய் வரும் செலவு, காப்பீடு, தங்குமிடம், தினப்படி, பொருட்செலவு, படைப்பை அனுப்பும் செலவு, வேலைக்கான ஊதியம். ஊதியத்தை மறந்துவிடுகிறார்கள். ஆறு வாரம் வெளியே இருந்தால் வீட்டு வாடகையை யார் கட்டுவது? குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள யார்? இந்த இரண்டு செலவும் கணக்கில் இல்லாததால்தான் பல வலையமைப்புகளில் கல்யாணமாகாத இளைஞர்கள் மட்டுமே தென்படுகிறார்கள்.

மொத்தத்தில் 15 சதவீதத்தைத் தனியே ஒதுக்குங்கள். விசா மறுப்பு, தேதி மாற்றம், சுங்கத் தாமதம், ஏதாவது ஒன்று நிச்சயம் வரும்.

பணம் தேட, ஆப்பிரிக்காவுக்குள் பயணிப்பவர்களுக்கு ஆர்ட் மூவ்ஸ் ஆஃப்ரிக்கா, தெற்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கு ஸ்விட்சர்லாந்தின் கலை அமைப்பான ப்ரோ ஹெல்வெட்டியாவின் ஜோஹனஸ்பர்க் அலுவலகம், ஆம்ஸ்டர்டாமின் பிரின்ஸ் கிளாஸ் ஃபண்ட் ஆகியவற்றின் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். ஒரே நிதியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

"முதலில் நீங்கள் டிக்கெட் வாங்குங்கள், ரசீது தந்தால் திருப்பித் தருகிறோம்" என்று கலைஞரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள், தினப்படியை வந்திறங்கிய அன்றே கையில் கொடுங்கள். வங்கி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இடைவங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவர் கணக்கில் விழும்படி தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் 500 யூரோ அனுப்பினால் 460 போய்ச் சேரும், அந்த நாற்பது யூரோ மனக்கசப்பு நெடுநாள் நிற்கும். கென்யாவில் எம்-பெசா போல அந்தந்த ஊரில் மக்கள் அன்றாடம் பயன்படுத்துகிற கைபேசிப் பணத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

5. பேசும் நேரம்

டக்காரில் மாலை 3 மணி என்றால் லாகோஸில் 4, ஜோஹனஸ்பர்க்கில் 5, நைரோபியில் 6. சல்வடோரில் பகல் 12, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 11, கிங்ஸ்டனில் காலை 10. எல்லோரும் விழித்திருக்கும் நேரம் இதுதான், இதையே நிரந்தரமாக வையுங்கள்.

வீடியோ கூட்டம் மாதம் ஒன்று போதும். மின்சாரமும் டேட்டாவும் எல்லா ஊரிலும் சீராக இருக்காது. தினசரிப் பேச்சு வாட்ஸ்அப் குரல் பதிவில் நடக்கட்டும். முடிவுகளை மட்டும் மூன்று மொழியிலும் எழுத்தில் அனுப்புங்கள்.

6. அழைப்பும் தேர்வும்

விண்ணப்பம் கைபேசியில் நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். பத்துப் படங்கள், மூன்று நிமிடக் குரல் பதிவு, இரண்டு கேள்வி. நீண்ட கட்டுரை கேட்டால் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர் ஜெயிப்பார், நன்றாக வரைகிறவர் தோற்பார். விண்ணப்பக் கட்டணம் வேண்டாம்.

கலைப்பள்ளியில் படித்தவரா என்று கேட்காதீர்கள். சைன்போர்டு எழுதியும் பட்டறையில் இரும்பு ஒட்டியும் கற்றுக்கொண்டவர்களில் அருமையானவர்கள் இருக்கிறார்கள். தேர்வானவர்களுக்கு இரண்டு மாற்று ஆட்களையும் அப்போதே தேர்ந்தெடுத்து, மாற்று என்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

7. விசா: இங்கேதான் பாதித் திட்டங்கள் சாகின்றன

நான் வேலை செய்த முதல் திட்டத்தில் ஏழு பேரில் மூவருக்கு விசா மறுக்கப்பட்டது. ஐந்து வாரம் முன்பு விண்ணப்பித்திருந்தோம், அது போதும் என்று நினைத்தோம். அந்த மூவருடைய சுவர்களைக் காலியாக விட்டே கண்காட்சியைத் திறந்தோம். அன்றிலிருந்து விசாவை ஒரு தனித் திட்டம் போலவே நடத்துகிறேன்.

முதல் வேலை பாஸ்போர்ட். தேர்வான அன்றே முதல் பக்கத்தின் படத்தை வாங்கி, காலாவதி தேதியைப் பாருங்கள். ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்கு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், பாஸ்போர்ட் வழங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு 15 நாளில் வர வேண்டும், சில விண்ணப்பங்களில் 45 நாள்வரை நீளலாம். உண்மையான தாமதம் அதற்கும் முன்னால், நேர்காணலுக்கு நாள் கிடைப்பதில் இருக்கிறது. கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. சில நாடுகளில் அந்தத் தூதரகமே இருக்காது, பக்கத்து நாட்டுக்குப் போய் விரல்ரேகை வைக்க வேண்டும். அதற்கும் செலவு எழுதுங்கள்.

மூன்றாவது, கடிதம். அழைப்புக் கடிதத்தில் பாராட்டு தேவையில்லை. யார் அழைக்கிறார்கள், அமைப்பின் பதிவு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி, எங்கே தங்குவார், எந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள், அங்கே என்ன செய்வார், எப்போது திரும்புவார் என்பது இருந்தால் போதும். கலைஞருக்கு மாதச் சம்பளம் கிடையாது, வங்கியில் பெரிய தொகையும் இருக்காது. ஆகவே ஊருக்குத் திரும்புவார் என்பதற்கு வேறு சான்று வேண்டும்: ஸ்டுடியோ வாடகை ஒப்பந்தம், அடுத்த கண்காட்சிக்கான கடிதம், பாடம் நடத்துகிற பள்ளியின் கடிதம், குடும்ப ஆவணங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீட்டையும் சேருங்கள்.

நான்காவது, இடைவழி. இதைப் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே தவறவிடுகிறார்கள். லாகோஸிலிருந்து கிங்ஸ்டனுக்கு மலிவான டிக்கெட் ஐரோப்பா அல்லது அமெரிக்கா வழியாக வரும். நைஜீரியா, கானா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே, ஷெங்கன், அமெரிக்கா போன்ற சில நாடுகளின் விசா கையில் இல்லாவிட்டால், இடைவழி விசா எடுக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டும் அதே பட்டியலில் இருப்பதால் நம்மவர்களில் பலருக்கு அந்தச் சங்கடம் தெரியும். அமெரிக்காவில் விமானம் மாறினாலும் விசா வேண்டும். அடிஸ் அபாபாவிலிருந்தும் ஜோஹனஸ்பர்க்கிலிருந்தும் லுவாண்டாவிலிருந்தும் சாவோ பாவ்லோவுக்கு நேர் விமானம் உண்டு, தென் அமெரிக்கப் பயணங்களை அந்த வழியில் போடுங்கள். கொஞ்சம் விலை கூடினாலும் விசாச் செலவைக் கூட்டிப் பார்த்தால் லாபம்தான்.

ஐந்தாவது, சந்திக்கும் இடத்தையே மாற்றிப் பாருங்கள். ருவாண்டா, பெனின், காம்பியா ஆப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுகளுக்கு விசா கேட்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகமான ஈக்கோவாஸ் நாட்டவர் தமக்குள் 90 நாள் விசா இல்லாமல் போகலாம். மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் அதிலிருந்து விலகிவிட்டன, அங்கிருந்து வருபவர்களின் நிலையைப் பயணத்துக்கு முன் தனியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கட்டும். கானாவும் உகாண்டாவும் கட்டாயம் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

8. படைப்புகள் பயணம் செய்யும் விதம்

கொரியர் நிறுவனங்கள் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, இடத்துக்கும் வாங்குகின்றன. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கணக்கிடும் எடை. சட்டத்தோடு கூடிய கேன்வாஸ்களை 120 × 100 × 25 பெட்டியில் வைத்தால் 60 கிலோ. அவற்றையே சட்டத்திலிருந்து எடுத்துச் சுருட்டி, 110 நீளமும் 20 அகலமும் உள்ள குழாயில் வைத்தால் ஒன்பது கிலோகூட வராது. சட்டத்தைப் போகிற ஊர்த் தச்சரிடம் செய்துகொள்ளலாம். வண்ணப் பக்கம் வெளிப்புறமாக இருக்கும்படி சுருட்டுங்கள், உட்புறமாகச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி வெடிக்கும். தடித்த எண்ணெய் வண்ணத்தைச் சுருட்டவே கூடாது.

மரப் பெட்டி என்றால் மரம் வெப்பப் பதம் செய்யப்பட்டு ஐஎஸ்பிஎம் 15 என்ற பூச்சித் தடுப்பு விதியின் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டியைத் துறைமுகத்தில் திருப்பி அனுப்புவார்கள், எரிக்கவும் செய்வார்கள். ப்ளைவுட்டுக்கு இந்த விதி கிடையாது, ஆனால் பெட்டியின் அடியில் அடிக்கிற கட்டைக்கு உண்டு. அந்தக் கட்டையால் ஒருமுறை எங்கள் பெட்டி மூன்று வாரம் நின்றது.

நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் கலைப்பொருள் வெளியே போக, இது தொல்பொருள் இல்லை என்று அந்த நாட்டு அருங்காட்சியக ஆணையத்தின் அனுமதி வேண்டும். போன மாதம் செய்த சிற்பமாக இருந்தாலும் வேண்டும். இரண்டு வாரமாவது முன்னால் படங்களோடு விண்ணப்பியுங்கள்.

விலைப்பட்டியலில் மதிப்பு பூஜ்யம் என்று எழுதினால் சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வரும், தொலைந்துபோனால் காப்பீட்டிலும் பூஜ்யம்தான் கிடைக்கும். நியாயமான விலை எழுதுங்கள். திரும்பி வரப்போகிற படைப்புக்கு ஏடிஏ கார்னே என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் இருக்கிறது, ஒரு வருடம் செல்லும். செனகலும் தென்னாப்பிரிக்காவும் ஏற்கின்றன, எல்லா ஆப்பிரிக்க நாடுகளும் ஏற்பதில்லை.

9. முதல் சந்திப்பு

பினாலே, அதாவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய கலைக் கண்காட்சி, நடக்கும் நேரத்தில் சந்திப்பை வைக்க எல்லோருக்கும் ஆசை. டக்கார் பினாலேயின்போது நகரம் முழுக்கக் கடைகளிலும் வீடுகளிலும் நூற்றுக்கணக்கான வெளிக் கண்காட்சிகள் நடக்கும், பார்க்க வேண்டிய ஆட்கள் எல்லோரும் ஒரே ஊரில் இருப்பார்கள். ஆனால் 2024-இல் மே மாதம் தொடங்க வேண்டிய பினாலே கடைசி நேரத்தில் நவம்பருக்குத் தள்ளிப்போனது. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே வாங்குங்கள், பினாலே இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய நிகழ்ச்சியாகத் திட்டமிடுங்கள்.

சந்திப்பு இரண்டு வார முகாமாக இருக்கட்டும். அதில் முதல் மூன்று நாள் உரை, கருத்தரங்கு எதுவும் வேண்டாம். சேர்ந்து சமைக்கட்டும், பொருள் வாங்கச் சந்தைக்குப் போகட்டும், வேலையை ஆரம்பிக்கட்டும். ஒரு முகாமில் சல்வடோர்க்காரரும் லாகோஸ்காரரும் பொது மொழி இல்லாமல் இரண்டு நாள் தடுமாறினார்கள். மூன்றாம் நாள் மீன் கழுவும்போது, பஹியாவின் கண்டோம்ப்ளே வழிபாட்டுச் சொற்களில் பல, லாகோஸ் பக்கத்து மொழியான யொரூபா என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக் கண்டுகொண்டார்கள். அப்புறம் மொழிபெயர்ப்பாளரை அவர்கள் கூப்பிடவே இல்லை. கருத்தரங்க மேடையில் இது நடந்திருக்காது.

கடைசி நாள் ஸ்டுடியோவைப் பொதுமக்களுக்குத் திறங்கள். கண்காட்சிகளை அமைக்கும் க்யூரேட்டர்களை அன்று மட்டும் அழையுங்கள். முதல் நாளே அவர்கள் வந்தால் கலைஞர்கள் வேலையை விட்டுவிட்டு அவர்கள் கண்ணில் படுவதைப் பற்றியே நினைப்பார்கள்.

10. விற்பனை வந்தால்

வரும். 2013-இல் லண்டனில் தொடங்கிய 1-54 கண்காட்சிச் சந்தை இப்போது நியூயார்க்கிலும் மராகெஷிலும் நடக்கிறது, லாகோஸில் ஆர்ட் எக்ஸ் இருக்கிறது. வாங்குபவர்கள் முகாம்களையும் கவனிக்கிறார்கள். அதனால் ஒரு பக்க ஒப்பந்தம் முன்பே தயாராக இருக்கட்டும்: விலை, யாருக்கு எத்தனை சதவீதம், எத்தனை நாளில் பணம், விற்காததை யார் செலவில் திருப்பி அனுப்புவது. கேலரி பாதி எடுப்பது வழக்கம். வலையமைப்பு எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. எடுத்தால் நன்றாக விற்கிறவர்களையே அடுத்த முறையும் அழைக்கத் தோன்றும்.

மறுவிற்பனை பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். கானா ஓவியர் அமோவாகோ போவாஃபோவின் ஒரு படம் 2020 பிப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 30,000 முதல் 50,000 பவுண்டு என்ற மதிப்பீட்டைத் தாண்டி 6,75,000 பவுண்டுக்குப் போனது. இப்படிப்பட்ட மறுவிற்பனையில் வரும் லாபம் பெரும்பாலும் விற்றவரின் பைக்குத்தான் போகிறது. "ஐந்து வருடத்துக்குள் விற்பதானால் முதலில் கலைஞரிடம் கேட்க வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் தடுக்காது, அவசரமாக வாங்கி விற்பவரை யோசிக்க வைக்கும்.

11. மறுபயணம்

முகாம் முடிந்த வாரத்திலேயே மறுபயணத்தின் தேதியைக் குறியுங்கள். லாகோஸ்காரர் சல்வடோருக்குப் போய்விட்டு வந்தால், சல்வடோர்க்காரர் லாகோஸுக்கு வர வேண்டும். அந்தச் செலவை முதல் நிதியிலேயே ஒதுக்காவிட்டால் அது நடக்காது. எல்லோரும் களைத்திருப்பார்கள், நிதி தருபவர் அடுத்த புதிய திட்டத்தைக் கேட்பார்.

படங்கள், குரல் பதிவுகள், ஒப்பந்தங்கள் எல்லாவற்றின் பிரதியும் நான்கு இடங்களிலும் இருக்கட்டும், உரிமை கலைஞருடையது என்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதுங்கள். ஓர் ஒருங்கிணைப்பாளரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் வலையமைப்பும் அவரோடு போய்விடும். உங்கள் இடத்துக்கு அடுத்து வருபவர் யார் என்பதையும் இப்போதே ஐவர் குழுவிடம் கேளுங்கள். நான் என் கோப்புகளையும் கடவுச்சொற்களையும் கம்பாலாவில் உள்ள ஓர் இளம் அச்சுக் கலைஞரிடம் ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த சுற்றின் விசா விண்ணப்பங்களை அவரே நிரப்புகிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறேன்.